ஈரமா, காய்ந்திருக்கிறதா? – கிளம்ப மறுக்கும் மாதிரி விமான இன்ஜின்கள்

தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 ஜனவரி 1 அன்று காலை பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 1.1 டிகிரி. அதே நிலையத்தில் 2024 மே 29 அன்று பதிவான உச்சம் 46.8 டிகிரி. கையால் புரொப்பெல்லரைத் தட்டி எழுப்ப வேண்டிய 20 சிசி, 30 சிசி பெட்ரோல் இன்ஜினை வைத்துக்கொண்டு தில்லியில் மாதிரி விமானம் விடுகிறவர், இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் காலம் தள்ளுகிறார். மே மாதம் இரண்டு தட்டில் எழுந்த இன்ஜின் ஜனவரியில் ஐம்பது தட்டுக்கும் அசைவதில்லை. போன வாரம் நன்றாக ஓடியது இந்த வாரம் ‘டப்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கிவிடுகிறது. என்ன காரணம் என்று கேட்டால் மைதானத்தில் நிற்கும் ஐந்து பேரும் ஐந்து காரணம் சொல்வார்கள். அந்தக் காரணங்களையெல்லாம் ஓரிடத்தில் வைத்து, எது முதல், எது பிறகு, எதை நம்பலாம் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

தமிழ் வாசகர்களில் பலருக்கு இந்தப் பொழுதுபோக்கு நடிகர் அஜித்குமார் வழியாகத் தெரிந்திருக்கும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா ஆளில்லா விமான மாணவர் குழுவுக்கு அவர் 2018-இல் ஆலோசகராக இருந்தார். தில்லியில் இதற்கு வேறொரு வேர் உண்டு. தேசிய மாணவர் படையின் தலைமையகம் இங்கே ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கிறது. அதன் விமானப் பிரிவு 1950-இல் தொடங்கிய நாளிலிருந்து பல தலைமுறை மாணவர்கள் பால்சா மரத்தையும் பசையையும் சின்ன இன்ஜினையும் தொட்டுத்தான் விமானம் என்றால் என்ன என்று கற்றார்கள். ஆண்டுதோறும் குடியரசு தின முகாமுக்காக நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் தில்லி கன்டோன்மென்டுக்கு வந்து சேர்வது ஜனவரியில். அதாவது, இன்ஜின் கிளம்ப மிகவும் அடம்பிடிக்கும் மாதத்தில்.

இங்கே கிளம்பாத இன்ஜின் வெறும் எரிச்சலோடு போவதில்லை. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்று சலுகை தந்தாலும், எங்கே பறக்கலாம் என்பதில் சலுகை இல்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைத் திறந்தால் தலைநகரின் பெரும்பகுதி சிவப்பு. ஆகவே அதிகாலையில் எழுந்து, காரில் விமானத்தின் இறக்கைகளைக் கழற்றி அடுக்கி, ஹரியானா பக்கம் திறந்த வெளியைத் தேடிப் போக வேண்டும். அங்கே போய் இன்ஜின் எழாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போச்சு.

முதலில் இந்த இன்ஜினின் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் நோய்கள் பலவும் பிறப்பிலிருந்து வந்தவை. 1930களில் அமெரிக்காவில் பில் பிரவுன் என்ற இளைஞர் உருவாக்கிய ‘பிரவுன் ஜூனியர்’, ஏறத்தாழ 10 சிசி பெட்ரோல் இன்ஜின், மாதிரி விமான உலகைத் திருப்பிப் போட்டது. பேட்டரி, காயில், கண்டென்சர், பாயின்ட் என்று ஒரு குட்டி மோட்டார் சைக்கிளின் மின்சுற்று முழுவதையும் அது சுமந்தது. 1947-இல் ரே ஆர்டன் குளோ பிளக்கைக் கொண்டுவந்ததும் அந்தச் சுமை இறங்கிவிட்டது. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருள், சூடேறிச் சிவக்கும் ஒரு கம்பி, அவ்வளவுதான் போதும். பெட்ரோல் பல ஆண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது. பிறகு பெரிய விமானங்கள் மீது ஆசை வந்தது. மெத்தனால் செலவு கட்டுப்படியாகவில்லை. மரம் அறுக்கும் செயின்சா, புல் வெட்டும் இயந்திரம் ஆகியவற்றின் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களை எடுத்து மாற்றிக் கட்டினார்கள். கனடாவின் குவாட்ரா, ஜப்பானின் ஜெனோவா அப்படி வந்தவை. இன்று தில்லியில் அதிகம் புழங்கும் சீன டிஎல்இ இன்ஜின்கள் விமானத்துக்கென்றே செய்யப்பட்டவை. ஆனாலும் அவற்றின் கார்புரேட்டர் இன்னும் செயின்சாவின் கார்புரேட்டர்தான். இதை மறந்தவர்கள்தான் பெரும்பாலும் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள்.

ஸ்கூட்டர் கார்புரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். பெட்ரோல் மேலிருந்து இறங்கி அதில் நிற்கும். மிதவை அளவு பார்க்கும். செயின்சாவைப் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் பிடித்து அறுக்க வேண்டியிருப்பதால் அதில் கிண்ணம் வைக்க முடியாது. அதற்குப் பதில் இரண்டு மெல்லிய சவ்வுகள், அதாவது டயாஃப்ராம்கள். ஒன்று பம்ப்: கிராங்க்கேஸில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியே வந்து இந்தச் சவ்வை அடிக்க, அது தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. மற்றொன்று அளவுச் சவ்வு: உள்ளே உறிஞ்சல் கூடினால் அது உள்வாங்கி, தராசு போன்ற ஒரு நெம்புகோலை அமுக்கி, ஊசி வால்வைத் திறந்து வேண்டிய அளவு பெட்ரோலை விடுகிறது. விமானம் தலைகீழாகப் பறந்தாலும் இன்ஜின் அணையாமல் இருப்பது இந்தச் சவ்வுகளால்தான்.

ஓடும் இன்ஜினில் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்கிறது. கையால் தட்டும்போதுதான் சிக்கல். ஒரு தட்டுக்கு இன்ஜின் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ சுழல்கிறது. அந்த வேகத்தில் பம்புக்கு வரும் துடிப்பு பலவீனம், கார்புரேட்டரின் காற்றுக் குறுக்கமான வென்சுரியில் உறிஞ்சலும் அற்பம். சோக்கை மூடினால்தான் அந்த உறிஞ்சல் முழுவதும் பெட்ரோல் துளைகள் மேல் திரும்பும். சோக்கை மூடி, இக்னிஷன் போட்டுத் தட்டினால், ‘டப்’ என்று ஒருமுறை வெடிக்க வேண்டும். பிறகு சோக்கைத் திறந்து, திராட்டிலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துத் தட்டினால் ஓட வேண்டும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினுக்கு இதற்கு மேல் சடங்கு கிடையாது. இந்த ஒழுங்கில் எந்தப் படியில் நிற்கிறது என்பதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

விமானப்படையில் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் நான் கற்ற முதல் பாடம் இது. புரொப்பெல்லரைத் தட்டித் தட்டி என் கை மரத்துப்போயிருந்த ஒரு குளிர்காலக் காலை. அவர் வந்து பார்த்துவிட்டு, “தம்பி, முதல்ல பிளக்கைக் கழட்டு. ஈரமா, காய்ஞ்சிருக்கா?” என்றார். கழற்றினேன். பிளக் முனை எலும்பு போலக் காய்ந்திருந்தது. “அப்ப பேட்டரியைத் தேடாதே. பெட்ரோலே உள்ள போகலை” என்றார். நான் அதுவரை அரை மணி நேரமாக இக்னிஷன் ஒயர்களைத்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிடக் கூர்மையான ஒரு சோதனையை நான் அறியவில்லை. சோக் மூடிப் பத்துப் பதினைந்து முறை தட்டிய பிறகு பிளக் காய்ந்திருந்தால் குற்றம் எரிபொருள் வழியில். ஈரமாக இருந்தால் மின்பொறியில், அல்லது உள்ளே போன பெட்ரோலின் அளவிலும் தரத்திலும்.

காய்ந்த பிளக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். என் அனுபவத்தில் தில்லியில் பத்தில் ஏழெட்டு முறை சங்கதி இதுதான். தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். தொட்டிக்குள் எடையோடு ஆடும் ஒரு குழாய் உண்டு. விமானம் எப்படிச் சாய்ந்தாலும் பெட்ரோல் இருக்கும் பக்கம் அது போய் விழும். அந்தக் குழாய் நாளடைவில் விறைத்து, எடையோடு சேரும் இடத்தில் வெடிப்பு விடும். வெடிப்பு வழியே காற்றை உறிஞ்சும், பெட்ரோல் ஏறாது. குளோ இன்ஜினிலிருந்து பெட்ரோலுக்கு மாறுகிறவர்கள் பழைய தொட்டியையே வைத்துக்கொள்வது இன்னொரு காரணம். மெத்தனாலுக்கு ஏற்ற சிலிக்கோன் குழாயும் அடைப்பானும் பெட்ரோலில் ஊதி, இளகிப் போகும். பெட்ரோலுக்கென்று விற்கும் குழாய்தான் வேண்டும். காற்றுக் குழாய் அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். தில்லியில் செம்மண் நிறத்தில் புழுதிப் புயல் அடித்த மறுநாள் குளவியோ மண்ணோ அதில் இருந்தால் வியப்பில்லை.

தொட்டி சரி என்றால் கார்புரேட்டருக்கு வர வேண்டும். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வால்ப்ரோ வகைக் கார்புரேட்டரின் ஒரு பக்க மூடி ஒரே ஒரு திருகாணியில் நிற்கிறது. அதைக் கழற்றினால் பம்ப் சவ்வும், அதன் கீழே துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கம்பி வலையும் தெரியும். எரிபொருளில் வரும் எல்லாக் குப்பையும் கடைசியில் வந்து தங்கும் இடம் அந்தச் சிறு வலைதான். ஒரு ஊசி முனையால் மெல்ல நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவவில்லை என்றால் விடை கையில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் நான்கு திருகாணி மூடி. அதைத் திறந்தால் நடுவில் உலோகப் பொட்டு வைத்த கறுப்பு வட்டம் தெரியும். அது அளவுச் சவ்வு. புதிதாக இருக்கும்போது அது இளம் வெற்றிலைபோல் மடங்கும். பழசானது காய்ந்த சருகுபோல் விறைத்து, விரலால் தட்டினால் ‘சரசர’ என்று சத்தம் போடும். சத்தம் போடும் சவ்வை வைத்துக்கொண்டு, வெளியே உள்ள கலவை ஊசிகளில் எதைத் திருகினாலும் பயனில்லை. சவ்வுக்குக் கீழே உள்ள ஊசி வால்வு, பல மாதம் கிடந்த பெட்ரோலின் பிசினில் இருக்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நெம்புகோலை நகத்தால் மெல்ல அமுக்கினால் விடுபடும்.

அந்த நான்கு திருகாணி மூடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அளவுச் சவ்வின் மறுபக்கம் வெளிக்காற்றின் அழுத்தத்தை உணர்வது அந்தத் துளை வழியேதான். இங்கே புழுதியும் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து அதை மூடிவிட்டால், சவ்வு அசையாது; இன்ஜின் பட்டினி கிடக்கும். எத்தனையோ விலையுயர்ந்த பாகங்களை மாற்றிவிட்டுக் கடைசியில் ஒரு குண்டூசியால் குணமான இன்ஜின்களை நான் பார்த்திருக்கிறேன்.

கரோல்பாக்கின் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகள் கை தேர்ந்தவர்கள். டூ ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகிய தலைமுறை அங்கே இன்னும் இருக்கிறது. அவர்களிடம் இன்ஜினைக் கொண்டுபோவதில் தவறில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும்: கார்புரேட்டரில் கம்ப்ரஸர் காற்றை அடிக்க வேண்டாம் என்று. கிண்ணக் கார்புரேட்டருக்கு அது சிறந்த வைத்தியம். சவ்வுக் கார்புரேட்டரில் அந்த வேகக் காற்று சவ்வைக் கிழித்துவிடும். உள்ளே உள்ள சின்னத் தடுப்பு வால்வையும் இடம்பெயர்த்துவிடும். என் நண்பர் ஒருவரின் 30 சிசி இன்ஜின் ஒரு பட்டறையில் இப்படித்தான் கெட்டது. அடைப்பு எடுக்கப் போய், புதிய கார்புரேட்டர் வாங்க வேண்டியதாயிற்று.

கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தை அடுத்துப் பார்க்க வேண்டும். அங்குள்ள கேஸ்கெட்டில் அந்தத் துடிப்புத் துளை நேராக அமைந்திருக்க வேண்டும். கழற்றி மாட்டும்போது கேஸ்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டால் துளை மூடிக்கொள்ளும். பம்புக்கு உயிரே போய்விடும். திருகாணிகள் தளர்ந்திருந்தால் பக்கத்திலிருந்து காற்று நுழையும். அப்போது இன்ஜின் ‘டப்’ என்று வெடிக்கும், சோக்கைத் திறந்ததும் இரண்டு விநாடி ஓடி அணையும். இந்த இரண்டு விநாடி ஓட்டத்தைப் பார்த்ததும் பலர் ஊசியைத் திருகத் தொடங்குகிறார்கள். முதலில் திருகாணிகளை இறுக்கிப் பாருங்கள்.

பிளக் ஈரமாக இருந்தால் கதை வேறு. மெக்கானிக் பேச்சில் சொன்னால், கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைத் தொப்பியில் பொருத்தி, அதன் உடலை இன்ஜினின் உலோகத்தில் தொடவைத்து, புரொப்பெல்லரைச் சுழற்றினால் நீலப்பொறி தெரிய வேண்டும். இதில் இரண்டு எச்சரிக்கை. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும். பொறியை அதன் அருகில் காட்டினால் தீப்பிடிக்கும். தொப்பியில் பிளக் இல்லாமல் இக்னிஷனை ஒருபோதும் இயக்கக் கூடாது. வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம் உள்ளுக்குள்ளேயே பாய்ந்து பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டியைப் பொசுக்கிவிடும்.

பொறி இல்லை என்றால் பேட்டரியில் தொடங்குங்கள். சும்மா வைத்து அளந்தால் சரியாகக் காட்டும் பேட்டரி, சுமை வந்ததும் குளிரில் தொய்ந்துவிடும். இக்னிஷனைப் போட்ட நிலையில் அளக்க வேண்டும். அடுத்து சுவிட்ச். ரேடியோ வழியே இக்னிஷனை அணைக்கும் கில் சுவிட்ச் வைத்திருக்கிறவர்கள் டிரான்ஸ்மிட்டரில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அணைந்த நிலையில் வைத்துக்கொண்டே நூறு முறை தட்டியவர்கள் உண்டு. புரொப்பெல்லர் அச்சில் பதித்த சின்னக் காந்தம் கடந்துபோகும் நொடியை ஹால் சென்சார் உணர்ந்துதான் பொறி விடுகிறது. காந்தம் உதிர்ந்திருக்கலாம், சென்சார் தளர்ந்து நகர்ந்திருக்கலாம். நகர்ந்தால் பொறி வரும், ஆனால் தப்பான நேரத்தில் வரும். புரொப்பெல்லர் பின்னோக்கி உதைக்கும். உலோக வலை சுற்றிய பிளக் ஒயரின் தொப்பி பிளக்கில் இறுக உட்காராவிட்டாலும் பொறி பலவீனப்படும், ரேடியோவிலும் இரைச்சல் ஏறும்.

பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இன்ஜின்களில் பரவலாக இருப்பது 10 மி.மீ. மரை கொண்ட குட்டி பிளக். இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அவசரத்துக்கு மோட்டார் சைக்கிள் கடையில் அதே மரையில் ஒன்று கிடைக்கும். அதை முடுக்கிவிடாதீர்கள். பைக் பிளக்குகள் பல நீளம் கூடியவை, பிஸ்டனில் இடிக்கும்.

பொறியும் வருகிறது, பிளக்கும் ஈரம் என்றால், பெரும்பாலும் பெட்ரோல் ஏறிவிட்டது என்று பொருள். இக்னிஷனை அணைத்து, பிளக்கைக் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து, இருபது முறை சுழற்றி வெளியேற்றிவிட்டு, காய்ந்த பிளக்கோடு சோக் இல்லாமல் முயன்றால் எழும். அதற்கும் எழாவிட்டால் ஒரு சந்தேகம் பாக்கி: உள்ளே போன திரவம் உண்மையிலேயே பெட்ரோலா?

இந்தக் கேள்வியைப் பத்து ஆண்டுகளுக்கு முன் யாரும் கேட்கத் தேவை இருக்கவில்லை. 2022 ஜூனில் நாடு பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு கலந்த இ20 அறிமுகமானது. 2025-இல் பங்க்குகளில் பெரும்பாலும் அதுதான். கார்களுக்கு அது நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. மாதிரி விமான இன்ஜினுக்கு அதன் விளைவுகள் தெளிவானவை. தூய பெட்ரோல் முழுதாக எரிய எடையில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். இ20-க்குச் சுமார் 13.5 மடங்கு போதும். அதாவது ஊசிகள் பழைய இடத்திலேயே இருந்தால் கலவை 8 விழுக்காடு மெலிந்துவிட்டது என்று பொருள். எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான வெப்பம் தேவை. குளிர்ந்து கிடக்கும் இன்ஜினில் அந்த வெப்பத்துக்கு எங்கே போவது?

ஆனால் இவற்றைவிடப் பெரிய கெடுதல் கேனில் நடக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் மூடி தளர்ந்த கேனில் கிடந்தால் தண்ணீர் சேர்ந்து, ஓர் அளவைத் தாண்டியதும் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே பெட்ரோல், அடியில் எத்தனாலும் தண்ணீரும். தொட்டிக்குள் ஆடும் அந்த எடைக்குழாய் எங்கே கிடக்கிறது? அடியில். இன்ஜினுக்கு முதலில் போவது தண்ணீர் கலந்த எத்தனால். டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் உராய்வைத் தணிக்க நாம் பெட்ரோலில் கலந்த 2டி ஆயிலும் அதில் இருக்காது. அது பெட்ரோலோடு மேலே தங்கிவிடும். தப்பித்தவறி எழுந்தாலும் எண்ணெய் இல்லாமல் ஓடும். அப்படி ஓடுவதைவிட எழாமல் இருப்பதே மேல்.

பங்க்கில் வாங்கியதில் எத்தனால் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். அளவுகள் குறித்த ஒடுக்கமான கண்ணாடிக் குடுவையில் 10 மி.லி. தண்ணீர், அதன் மேல் எண்ணெய் கலக்காத பெட்ரோல் 90 மி.லி. விட்டு, மூடிக் குலுக்கி, திறந்தவெளியில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். அடியில் நிற்கும் அடுக்கு 10 மி.லி.யாகவே இருந்தால் எத்தனால் இல்லை. 28 மி.லி. அளவுக்கு ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2020 டிசம்பர் முதல் தில்லியில் 100 ஆக்டேன் பெட்ரோலும் கிடைக்கிறது. விலை மிக அதிகம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நமக்கு வேண்டியது ஒன்றிரண்டு லிட்டர்தான். எதை வாங்கினாலும் மேற்சொன்ன சோதனையைச் செய்துவிட்டு நம்புங்கள். தண்ணீர் விட்டு எத்தனாலைக் கழுவி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஆக்டேன் குறையும், ஈரம் எஞ்சும், அடுக்ககத்தில் லிட்டர் கணக்கில் பெட்ரோலைக் குலுக்குவது உயிரோடு விளையாடுவது.

சேமிப்பைப் பற்றிச் சட்டமே தெளிவாகப் பேசுகிறது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். இறுக மூடிய உலோகக் கலனில் வைக்க வேண்டும். கண்ணாடியாக இருந்தால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. உலோகக் கலன் எத்தனாலுக்கு ஈரம் எட்டாமலும் காக்கும். சட்டமும் இன்ஜினும் இங்கே ஒரே பக்கம்.

2டி ஆயிலுக்கும் தில்லியில் ஒரு வரலாறு உண்டு. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காற்று மாசு வழக்கில் இட்ட ஆணைப்படி, அந்த ஆண்டு முடிவுக்குள் சில்லறையாக 2டி ஆயில் ஊற்றி விற்பது நிறுத்தப்பட்டு, பங்க்கிலேயே அளவாகக் கலந்து தரும் முறை வந்தது. காரணம், ஆட்டோக்காரர்களும் ஸ்கூட்டர்காரர்களும் கண்ணளவில் வேண்டியதைவிட அதிக எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்ததுதான். புகை ஒரு பக்கம், பிளக் கரி பிடிப்பது மறுபக்கம். மாதிரி விமானக்காரர்களில் இன்றும் கண்ணளவு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் கூடினால் இன்ஜினுக்கு நல்லது என்ற நம்பிக்கை. எண்ணெய் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறைகிறது, பிளக் நனைந்து கரி பிடிக்கிறது, அடுத்த வாரம் கிளம்பாது. 30-க்கு 1 என்று தயாரிப்பாளர் சொன்னால் லிட்டருக்கு 33 மி.லி., 50-க்கு 1 என்றால் 20 மி.லி.; மருந்துக்கடையில் கிடைக்கும் சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். எந்த விகிதம் என்பதில் உலகெங்கும் சண்டை உண்டு. என் முடிவு எளிது: இன்ஜின் செய்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

பருவத்துக்கு வருவோம். முதலில் சொன்ன இரண்டு வெப்பநிலைகளைக் கணக்கிட்டால், 1.1 டிகிரிக் காற்று 46.8 டிகிரிக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. மே மாதம் சரியாக வைத்த ஊசியோடு ஜனவரியில் போனால் கலவை மெலிந்திருக்கும். அதோடு பெட்ரோலில் இலகுவான பகுதி மட்டுமே அந்தக் குளிரில் ஆவியாகிறது. பழைய கேனில் அந்த இலகுவான பகுதிதான் முதலில் பறந்துபோயிருக்கும். குளிர்காலத்தில் புதிய பெட்ரோல் வேண்டும் என்று மூத்தவர்கள் சொன்னது இதனால்தான். இன்ஜினை வெயிலில் சற்று நேரம் வைப்பதும், கூடுதலாக இரண்டு மூன்று முறை சோக்கில் தட்டுவதும் பலன் தரும்.

கோடையின் தொல்லை நேர்மாறானது. காலையில் முதல் முறை சட்டென்று எழும். ஒருமுறை பறந்து இறங்கி, பத்து நிமிடம் கழித்து மறுபடி தட்டினால் எழாது. லூ எனும் கோடை அனல்காற்றில், இன்ஜினை மூடும் கவ்லுக்குள், சூடேறிய இன்ஜினின் வெப்பம் கார்புரேட்டருக்கு ஏறி, உள்ளே பெட்ரோல் கொதித்துக் குழாயில் ஆவி அடைக்கும். அல்லது கொதித்து வழிந்து உள்ளே வெள்ளமாகும். இரண்டுக்கும் சோக் விஷம். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, நிழலில் வைத்து, பொறுமையாக ஆறவிட்டு, சோக் இல்லாமல் திராட்டிலைச் சற்றுத் திறந்து தட்ட வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் முதலில் தொடும் அந்த ஊசிகள். ‘எல்’ என்பது மெதுவோட்டத்துக்கு, ‘எச்’ என்பது முழுவேகத்துக்கு. பெரும்பாலான இன்ஜின்களில் முழுக்க மூடிய நிலையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைச் சுற்றுத் திறந்தால் இன்ஜின் எழுந்துவிடும். நேற்று வரை ஓடிய இன்ஜினின் ஊசி இரவோடிரவாகத் தானாகத் திரும்பாது. பருவம் மாறினால் எட்டில் ஒரு சுற்று, எரிபொருள் மாறினால் அதேபோல் கொஞ்சம், அதுவும் இன்ஜின் எழுந்து சூடான பிறகு. எழாத இன்ஜினின் ஊசியைத் திருகினால் ஒரு பிழை இரண்டாகும். இருந்த இடமும் தொலைந்துவிடும். எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வைத்து உலுக்கி எழுப்பிவிடலாம் என்கிறார்கள். எழும், ஆனால் கசியும் கேஸ்கெட்டும் விறைத்த சவ்வும் அப்படியே இருக்கும். அந்த இன்ஜின் வானத்தில் அணையும், கீழே யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. கையால் தட்டி எழாத இன்ஜின் பறக்கத் தகுதியில்லாத இன்ஜின் என்பதுதான் என் தீர்ப்பு.

பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். தட்டும் கைக்கு ஒரு தடித்த தோல் உறை, அல்லது உறை போட்ட குச்சி. விமானத்தின் வாலை ஒருவர் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தறியில் கட்டியிருக்க வேண்டும். இக்னிஷன் அணைந்திருக்கிறது என்று எண்ணிச் சூடான இன்ஜினின் புரொப்பெல்லரைத் தொட்டு விரலை இழந்தவர்கள் இந்தத் துறையில் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். மாணவர்களுக்குக் கற்றுத்தருகிறவர்கள் இந்தப் பாடத்தை முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே. ஞாயிறு மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் தொட்டியைக் காலி செய்யுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும் வரை மெதுவோட்டத்தில் விடுங்கள். பிறகு சோக்கை மூடி, மேலும் ஒருமுறை எழுப்பிப் பார்த்து, கார்புரேட்டரில் இருக்கும் கடைசிச் சொட்டையும் தீர்த்துவிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.